மொட்டை மாடியில் ஒரு புராஜெக்ட்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது என் பி.எட். மாணவர்களின் புராஜெக்ட் பாதியில் நின்றது. பவர்பாயிண்டில் பாடம் தயாரித்து லேப் புரொஜெக்டரில் நடத்திக் காட்ட வேண்டும். லேப் பூட்டிக் கிடந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து மாணவி போன் செய்தாள்: "மேடம், வீட்ல கம்ப்யூட்டர் இல்ல. மொட்டை மாடி ஏறினாத்தான் டவரே கிடைக்குது."

சரி, திட்டத்தையே மாற்றினேன். அப்போது வாட்ஸ்அப்பில் போகிற மாதிரி 16 எம்பிக்குள் மூன்று நிமிட வீடியோ, கூடவே தாளில் ஐந்து கேள்வி.

அவள் பின்னம் நடத்தினாள். பனங்காயைச் சீவி, மூன்று நுங்கில் ஒன்றை விரலால் தோண்டி, "இது மூன்றில் ஒன்று" என்றாள். பின்னால் ஆடு கத்தியது. அந்தச் சத்தத்தை வீடியோவிலிருந்து வெட்டச் சொல்லவில்லை நான்.

ஸ்லைடு அழகுக்கு வைத்திருந்த பத்து மதிப்பெண்ணை அப்புறம் நானே அடித்துவிட்டேன்.