நந்தி தெரிந்த பண்ணவாடி

2024 ஜூலை முதல் வாரத்தில் நான் பண்ணவாடிப் பரிசல் துறையை அடைந்தபோது மேட்டூர் அணையின் நீர்மட்டம் 40 அடியை ஒட்டி நின்றது. அணை நிரம்பி 120 அடியைத் தொடும் காலத்தில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி, வெடித்த வண்டலின் நடுவே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் படமெடுக்க வந்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

மேட்டூரை நிரப்பும் மழை பெய்வது காவிரி பிறக்கும் குடகில் என்றாலும் அதன் தலைவிதி பசிபிக் பெருங்கடல் வரை நீள்கிறது. 2023இல் அங்கு எல் நினோ, அதாவது கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் போக்கு, வலுத்தது. தென்மேற்குப் பருவக்காற்று தளர்ந்தது. இந்தியா 1901க்குப் பிறகு கண்டிராத வறண்ட ஆகஸ்டு மாதத்தைக் கண்டது. வழக்கம்போல் ஜூன் 12 அன்று திறக்கப்பட்ட மேட்டூர் மதகுகள், நீரின்றி அக்டோபர் 10ஆம் தேதியே மூடப்பட்டன.

தென்மேற்குப் பருவத்தை நலிவுறச் செய்யும் எல் நினோ, வடகிழக்குப் பருவத்துக்குப் பெரும்பாலும் வலுவூட்டுகிறது என்பதுதான் காவிரியின் விசித்திரம். ஆனால் அந்த ஐப்பசி, கார்த்திகை மழையின் பெரும்பகுதி அணைக்குக் கீழே, டெல்டாவிலும் கடலோரத்திலும் பெய்துவிடுகிறது. அது சம்பாவைக் காக்கலாம், மேட்டூரை நிரப்பாது. இந்தக் கணக்கும் எப்போதும் பலிப்பதில்லை: எல் நினோ விலகிவிட்ட 2016இல் இரண்டு பருவங்களுமே காவிரியைக் கைவிட்டன, தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது.

கர்நாடகம் தமிழகத்துக்கு எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளந்து தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்ன 177.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) நீர் இயல்பான மழை ஆண்டுக்கானது. பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் ஆண்டுதோறும் சண்டை மூள்கிறது. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள ஓர் அணையை நம்பிக் குறுவைக்கு நாள் குறிக்கும்போது, ஜூன் 12ஐ நல்ல நாள்போலப் போற்றுவதைவிட, அணையின் இருப்பையும் கடல்களின் போக்கையும் சேர்த்துப் பார்ப்பதே விவேகம் என்று எனக்குப் படுகிறது.

2024இல் மேட்டூர் மதகுகள் ஜூலை 28 அன்றுதான் திறந்தன. கர்நாடக அணைகள் நிரம்பி வழிந்ததால் இரண்டே நாளில் மேட்டூரும் 120 அடியை எட்டியது. ஆகஸ்டில் மறுபடி பண்ணவாடிக்குப் போனேன். நந்தி எங்கே என்று கேட்டதற்கு, பரிசல்காரர் துடுப்பை உயர்த்தி நடு நீரைக் காட்டினார்.