ஜேர்மனியிலும் சாம்பல் அள்ளத்தான் வேணும்

எங்கள் பின்வளவுப் பிள்ளைக்கு விசா வந்துவிட்டது. முள்ளியவளையில் இருந்து பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய் ஜேர்மன் மொழியில் ஏ1 என்ற ஆரம்பநிலைச் சோதனை எழுதி, அது பாஸாகி, பிறகு தூதரகத்தில் திகதிக்குக் காத்திருந்து, ஒருவழியாக இனிப் பயணம்தான். மாப்பிள்ளை சவுவர்லாண்ட் மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் வாடகைக்கு வீடு எடுத்து, வீடு முழுவதையும் வீடியோ பிடித்து அனுப்பியிருக்கிறார். அதில் விறாந்தை மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே நெருப்பு.

“பிள்ளை, இது ரீவியோ?” என்று தாய் என்னைக் கேட்டா.

ரீவி இல்லை, பெலற் அடுப்பு. ஜேர்மனியில் எங்கள் வீட்டிலும் அதே சாமான்தான் இருக்கிறது. பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்த நான், அன்று தொடங்கிப் பின்னேரங்களில் அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அடுப்புக் கதைதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வன்னியில் இருந்து குளிர்நாட்டுக்குப் போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதியும் வைக்கிறேன்.

பெலற் என்பது மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்த குச்சி. 6 மில்லிமீற்றர் தடிப்பு, பார்த்தால் கோழித் தீன் மாதிரி இருக்கும். 15 கிலோப் பையில் வரும். அடுப்பின் மேல் தொட்டியில் கொட்டிவிட்டால் ஒரு திருகுத்தண்டு சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சின்ன இரும்புக் கிண்ணத்துக்குள் தள்ளும். மின்சாரக் கம்பி ஒன்று சூடேறிப் பற்றவைக்கும். கிண்ணத்தின் அடியில் துளைகள் இருக்கின்றன. விசிறி சுற்றும்போது அவற்றின் வழியாகக் காற்று ஏறி நெருப்பை வளர்க்கும். தண்டும் கம்பியும் விசிறியும் எல்லாம் கரண்டில்தான் ஓடும்.

“அப்ப கரண்ட் இல்லாட்டி அடுப்பும் இல்லையோ?” என்று தாய்க்குச் சிரிப்பு. சிரிக்கலாம்தான். வருஷக்கணக்காகக் கரண்டே இல்லாமல் சமைத்துச் சாப்பிட்ட ஊர் இது. அதில் சமைக்கவும் முடியாது என்று சொன்னபோது அந்த அடுப்பின் மேல் இருந்த மரியாதை முழுவதும் போய்விட்டது. பொங்கலுக்குப் பால் பொங்குவது எங்கள் வீட்டிலும் மின்சார அடுப்பில்தான்.

சாம்பல் எவ்வளவு வரும் என்பதுதான் அவவின் அடுத்த கேள்வி. மிகக் குறைவு. முதல்தரப் பெலற்றில், அதாவது பையில் ஏ1 என்று அடித்திருப்பதில், சாம்பல் நூற்றுக்கு 0.7 பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது அங்கே விதி. ஒரு பை முழுக்க எரித்தாலும் 100 கிராம் அளவுதான். எங்கள் பக்கத்து நெல்லு மில்லில் குவிந்து கிடக்கும் உமியை எடுத்துக்கொள்ளுங்கள். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்தான். அதே 15 கிலோ உமியை எரித்தால் 3 கிலோ சாம்பல் மிஞ்சும். அதனால் பெலற் அடுப்பில் சாம்பல் ஒரு பிரச்சினையே இல்லை என்றுதான் வாங்குபவர்களும் விற்பவர்களும் நினைக்கிறார்கள்.

பிரச்சினை அளவில் இல்லை, அது நிற்கிற இடத்தில் இருக்கிறது. அம்மாவின் குசினியில் சாம்பல் நல்ல சாமான். இரவில் வீரை விறகின் தணலைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுத்தால், விடியக் கிளறி ஊதுகுழலால் ஊத நெருப்பு வந்துவிடும். அடுப்பை ஒருநாளும் துடைத்து வைக்கமாட்டா. சாம்பல் படுக்கை இருந்தால்தான் சூடு நிற்கும் என்பா. அது விறகடுப்புக்குச் சரி. பெலற் அடுப்பில் ஒரு கரண்டிச் சாம்பல் அந்தக் கிண்ணத்தின் துளைகளில் போய் உட்கார்ந்தால் கதை முடிந்தது. கீழே காற்று வராது, பெலற் முழுதாக எரியாது, எரியாத பெலற் மேலும் குவியும், அது இன்னும் துளையை அடைக்கும். கடைசியில் பற்றவைக்கும் கம்பியின் வாயும் மூடி, விடிய எழும்பிப் பார்த்தால் அடுப்பின் சின்னத் திரையில் ஏதோ ஒரு எழுத்து மின்னிக்கொண்டிருக்கும், வீடு விறைத்துக் கிடக்கும்.

நெருப்பைப் பார்த்தே இதை முன்கூட்டிச் சொல்லலாம். காற்று சரியாக இருந்தால் சுவாலை மஞ்சள் வெள்ளையாக, குட்டையாக, துடிதுடிப்பாக நிற்கும். அடைப்பு வரத் தொடங்கினால் செம்மஞ்சளாகி, நீண்டு, சோம்பலாக அசையும். நுனியில் கரும்புகை இழுக்கும். கண்ணாடி ஒரு நாளிலேயே கறுத்துவிடும். மென்சாம்பல் நிறத்தில் கண்ணாடியில் பூத்தாற்போல் படிவது வழமை. கறுப்பு வந்தால்தான் யோசிக்க வேணும். ஈர விறகின் புகையைப் பார்த்தே குறை கண்டுபிடிக்கும் எங்கள் பெண்களுக்கு இதைப் பழக அதிக நாள் பிடிக்காது.

விடியப்புற வேலை இவ்வளவுதான். அடுப்பு நன்றாக ஆறியிருக்க வேணும். கதவைத் திறந்து கிண்ணத்தை வெளியே எடுத்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேணும். எல்லாத் துளையாலும் வெளிச்சம் தெரிகிறதா? தெரியாததை ஒரு ஆணியால் குத்திவிட வேணும். சில நாட்களில் அடியில் ஒரு கட்டி ஒட்டிக் கிடக்கும். சாம்பல் உருகி இறுகிப்போன கட்டி. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்து, மறுபக்கம் நுரைத்துத் துளை விழுந்து, கிண்ணத்தில் தட்டினால் கிணுங்கென்று சத்தம் போடும். மரத்தோடு மரப்பட்டையும் மணலும் சேர்ந்து அரைபட்டால் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகும், அதனால் வருகிற வினை. சுத்தமான மரத்தின் சாம்பல் தூளாகவே இருக்கும்.

2022இல் உக்ரேன் போரோடு பெலற் விலை தாறுமாறாக ஏறியது. வழமையாக வாங்கும் கடையில் சரக்கும் இல்லை. ஒரு மலிவுக் கடையில் தர அடையாளம் எதுவும் இல்லாத பைகள் கிடந்தன, இவர் அவற்றைத்தான் ஏற்றிக்கொண்டு வந்தார். பையின் அடியில் பாதி தூள். ஒவ்வொரு விடியலும் எனக்கு ஒரு கட்டி. அந்தக் குளிர்காலம் முழுக்க ஆணியும் கையுமாகத்தான் நின்றேன். அதற்குப் பிறகு விலையைப் பார்க்க முதல் பையின் அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். தூள் குறைவாக, குச்சி பளபளப்பாக இருந்தால் வாங்கலாம். ஈரமான நிலக்கீழ் அறையில் பையைச் சும்மா வைத்தால் குச்சி ஊதி உதிர்ந்துவிடும், பலகை போட்டு அதன் மேல் அடுக்க வேணும்.

நல்ல பெலற் போட்டும் சாம்பல் ஏறினால் கதவைப் பாருங்கள். கதவைச் சுற்றி ஒரு தடித்த கயிறு ஓடும். அது தேய்ந்தால் காற்று கிண்ணத்தின் அடியால் வராமல் கதவிடுக்கால் புகுந்துவிடும். ஒரு கடதாசித் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் தெரியும். சும்மா உருவிக்கொண்டு வந்தால் கயிறு மாற்றும் காலம்.

கண்ணுக்குத் தெரியாத சாம்பலும் இருக்கிறது. புகையோடு பறக்கிற மென்சாம்பல் உள்ளே பின்தட்டுகளுக்குப் பின்னாலும் புகைக்குழாய் வளைவிலும் படியும். படியப் படியச் சூடு அறைக்கு வராமல் புகைக்கூட்டால் போகும். பெலற் செலவாகும், வீடு சூடாகாது. அதை வருஷத்துக்கு ஒருமுறை வேலை தெரிந்தவரைக் கொண்டு கழற்றித் துப்புரவாக்க வேணும். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். குழாய் அடைத்தால் காபன் மொனொக்சைட்டு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதைக் கண்டுபிடித்துக் கத்தும் சின்னக் கருவி கடையில் இருக்கிறது, அடுப்பு இருக்கும் அறையில் ஒன்று கட்டாயம் மாட்ட வேணும்.

புகைக்கூட்டுக்கு அரசாங்கம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவரை நியமித்திருக்கிறது. கறுப்பு உடுப்போடு வருவார். ஏழு வருஷத்துக்குள் இரண்டு முறை அடுப்பையும் குழாயையும் வந்து பார்ப்பது சட்டம், வேண்டாம் என்று மறிக்க முடியாது. கூட்டித் துப்புரவாக்க வருவது வேறு. அவரைக் கண்டால் அதிர்ஷ்டம் என்று ஜேர்மன்காரர் நம்புகிறார்கள், உடுப்பின் பொத்தானைத் தொட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. “புகைக்கூட்டைப் பாக்கவும் ஒரு உத்தியோகமோ!” என்று தாய் வாயில் கை வைத்தா.

அள்ளுகிற சாமான் முக்கியம். வீடு கூட்டும் வாக்கும் கிளீனரைச் சாம்பலுக்குப் பக்கத்திலும் கொண்டுபோகக்கூடாது. ஒரு தணல் பொட்டு உள்ளே போனால் பை பற்றும். பற்றாவிட்டாலும் மென்சாம்பல் வடிகட்டிக்குள்ளால் பூந்து வீடு முழுக்கப் பறக்கும். சாம்பலுக்கென்றே இரும்புத் தொட்டியுள்ள கிளீனர் வருகிறது, அதிலும் ஆறிய சாம்பல்தான். அள்ளியதை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, கல்லுத் தரையில், வெளியே வைக்க வேணும். ஒரு நாள் கழிந்தும் உள்ளே தணல் இருக்கும். இதை வன்னியில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சோளகக் காற்று வீசும்போது வேலிப் பக்கம் சாம்பல் கொட்ட அம்மா இன்றைக்கும் விடமாட்டா. கிடுகு வேலி எவ்வளவு நேரத்தில் எரியும் என்று அவவுக்குத் தெரியும்.

பிறகு அந்தச் சாம்பலை என்ன செய்வது? இங்கே சட்டி பானை தேய்க்க, விதைப் பயறில் கலந்து வைக்க, பனி ஈரத்தோடு கத்தரி இலையில் தூவ என்று போய்விடும். அங்கே ஆறிய சாம்பலைப் பையில் கட்டிப் பொதுக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்கிறார்கள். மரக்கறிக் கழிவு போடும் தொட்டியில் போடக்கூடாது. எனக்கு மனம் கேட்பதில்லை. கொஞ்சம் புல்லுக்குத் தூவுகிறேன். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைப்பதால் ரோடோடென்ட்ரன், புளுபெரி மாதிரியான செடிகளுக்கு ஆகாது. பக்கத்து வீட்டு ஜேர்மன் அம்மா ஈரப் பத்திரிகைக் கடதாசியைச் சாம்பலில் தோய்த்து அடுப்புக் கண்ணாடி துடைத்துக் காட்டினா. கறுப்பு அப்படியே கழன்றது. கையுறை போட வேணும், ஈரச் சாம்பல் தோலை அரிக்கும்.

உள்ளதைச் சொன்னால், இரண்டு பேரும் விடிய ஐந்து மணிக்கு வேலைக்கு ஓடுகிற வீட்டுக்கு இந்த அடுப்பு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். சுவரில் சூடாக்கி இருந்தால் அது போதும். ஆனால் மாப்பிள்ளை வீட்டை எடுத்துவிட்டார். ஆகவே பிள்ளைக்கு மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்: வருடாந்தத் துப்புரவுக் காசு வீட்டுக்காரரா, நாங்களா? அடுப்பின் கைநூல் எங்கே? சாம்பல் வாளி என்ன வாளி?

அவள் அப்போதே வட்ஸ்அப்பில் கேட்டாள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்குப் படம் வந்தது, நீல நிறப் பிளாஸ்ரிக் வாளி.

தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தா. “இரும்பு வாளி ஒண்டு வாங்கி வைக்கச் சொல்லு. பிறகு ரிக்கற் போடலாம்.”