பனிமேல் ஓடிய இறப்பர்ப் பட்டி

இரணைமடுவின் கீழுள்ள ஈர வயல்களில் இறப்பர்ப் பட்டியில் ஊர்ந்து நெல் அறுக்கும் இயந்திரத்தை வன்னியில் இன்று சிறுபிள்ளையும் அறியும். ஆனால் அத்தகைய பட்டியின் முன்னோடிகளுள் ஒன்று உருசியப் பனியில் ஓடியது என்பதைப் பலர் அறியார். சார் மன்னர் இரண்டாம் நிக்கலசிடம் பணியாற்றிய பிரெஞ்சுப் பொறியியலாளர் அடோல்ஃப் கெக்ரெஸ், காரின் பின்சில்லுகள் இருந்த இடத்தில் நெகிழும் பட்டியைப் பூட்டினார். 1917 புரட்சியின் பின் பிரான்சு திரும்பி, சித்ரோன் நிறுவனத்துடன் அதனை வளர்த்தெடுத்தார். (1922 டிசம்பரில் புறப்பட்ட சித்ரோன் குழு அதே பட்டியில்தான் சகாராவைக் கடந்தது. பாரத்தைப் பரப்பிவிட்டால் பனியும் மணலும் சேறும் ஒன்றுதான்.)

என் மனதில் அதிகம் நிற்பவர் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வால்கூர் என்ற ஊரில் கராஜ் நடத்திய யோசெப்-ஆர்மண்ட் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில், பனி மூடிய வீதியால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி, அவருடைய இரண்டு வயது மகன் இறந்தான். மாரி வெள்ளத்தில் பாதை அறுந்து, நோயாளியுடன் காத்திருந்த ஊர்களைச் சேர்ந்த எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. முன்பிருந்தே பனிவண்டி செய்து பார்த்துவந்த அவர், 1937இல் இறப்பர் போர்த்திய பற்சில்லும் பட்டியும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்று, ஏழு பேர் ஏறும் பி7 வண்டியை விற்கத் தொடங்கினார். 1948இல் கியூபெக் அரசு வீதிகளில் பனி அகற்றுவதைக் கட்டாயமாக்கியதும் பெரிய வண்டிகளின் விற்பனை சரிந்தது. 1959இல் வந்த சிறிய ஸ்கி-டூ விளையாட்டு வண்டியாகவே பெயர் பெற்றது.

பிரித்தானிய ஆய்வுப் பயணி விவியன் ஃபூக்சின் குழு, பட்டிகளில் ஓடும் டக்கர் ஸ்னோ-கேட் என்ற பனிவண்டிகளுடன் 99 நாட்களில் அந்தாட்டிக்காவைக் குறுக்கறுத்து 1958இல் மறுகரை சேர்ந்தது தனியே எழுத வேண்டிய கதை.