'தி ஸ்வீனி' பார்க்கும் நாட்கள்

ஜனவரி 9, 2025, வியாழன்

'தி ஸ்வீனி' என்ற பிரிட்டிஷ் போலீஸ் டிவி தொடர் வந்து இந்த மாதத்தோடு ஐம்பது வருடம். 1975 ஜனவரி 2 அன்று ஐடிவி சேனலில் முதல் கதை ஒளிபரப்பானது, 1978 டிசம்பர் 28-இல் முடிந்தது. நான்கு தொடர்கள் (சீசன்கள்), மொத்தம் 53 கதைகள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். இந்த முறை வரிசையாகப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க இங்கே எழுதி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: லண்டன் பெருநகரக் காவல்துறையில் ஆயுதக் கொள்ளைகளைத் துப்பறிய ஒரு தனிப்படை உண்டு, பறக்கும் படை (ஃப்ளையிங் ஸ்க்வாட்). எந்த ஸ்டேஷன் எல்லைக்கும் கட்டுப்படாமல் லண்டன் முழுக்கப் போகலாம். 1919-இல் ஆரம்பித்த புதிதில் குதிரை வண்டிக்குள் ஒளிந்துகொண்டு, மூடியிருந்த துணியில் ஓட்டை போட்டு திருடர்களை வேவு பார்த்தவர்கள் இவர்கள். ஒரு சொல்லுக்குப் பதில் அதே மாதிரி ஒலிக்கும் வேறு சொல்லைச் சொல்லும் லண்டன் எதுகைப் பேச்சில் 'ஸ்வீனி டாட்' என்றால் ஃப்ளையிங் ஸ்க்வாட், தொடரின் பெயர் அங்கிருந்து வந்தது. ஜான் தா நடிக்கும் டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர் ஜாக் ரீகன், டென்னிஸ் வாட்டர்மன் நடிக்கும் சார்ஜென்ட் ஜார்ஜ் கார்ட்டர், இவர்களுக்கு மேலே கார்ஃபீல்ட் மார்கன் நடிக்கும் ஹாஸ்கின்ஸ். இந்த மூன்று பேர்தான் தொடர்.

ஜனவரி 11, சனி

முதல் கதைக்கு முன்னாடி ஒரு தனிப்படம் இருக்கிறது. 'ரீகன்' என்று பெயர், 1974 ஜூன் 4-இல் வந்தது. அதைப் பார்க்காமல் தொடருக்குள் போகக்கூடாது. இயான் கென்னடி மார்ட்டின் எழுதியது, ஜான் தாவை மனதில் வைத்தே எழுதினார். அறுபதுகளில் 'ரெட்கேப்' என்ற ராணுவப் போலீஸ் தொடரில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். ஒரு இளம் போலீஸ்காரர் கொல்லப்படுகிறார், ரீகன் சட்டப் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டுக் கொலைகாரனைத் தேடிப் போகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் அதற்குள்ளேயே எல்லாம் வந்துவிடுகிறது: மனைவியைப் பிரிந்த வாழ்க்கை, குடி, மேலதிகாரியோடு ஓயாத உரசல், இந்த மாதிரி ஆளுக்கு இனிமேல் டிபார்ட்மென்டில் இடமில்லை என்ற பேச்சு.

அப்புறம் அந்த முகம். முதல் கதை ஒளிபரப்பான அன்று ஜான் தாவுக்கு 32 வயது, மறுநாள்தான் 33. நம்ப முடிகிறதா? நாற்பத்தைந்து சொன்னால்கூட நம்பிவிடலாம். கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, கலைந்த தலை, கசங்கிய டை. ராத்திரி முழுக்கத் தூங்காத ஆள் என்று யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க முதல் தொடர்.

இது எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடுத்த விதம்தான் இந்தத் தொடரின் குணத்தையே தீர்மானித்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் டிவி நாடகம் என்றால் உள்காட்சிகள் ஸ்டுடியோவில் வீடியோவில், வெளிக்காட்சிகள் மட்டும் ஃபிலிமில். யூஸ்டன் ஃபிலிம்ஸ் (தேம்ஸ் டெலிவிஷனின் கிளை நிறுவனம்) முழுவதையும் 16 மிமீ ஃபிலிமில் தெருவிலேயே எடுத்தது. ஹாமர்ஸ்மித்தில் கோலெட் கோர்ட் என்ற பழைய பள்ளிக் கட்டடம்தான் ஆபீஸ், அங்கேயே போலீஸ் அலுவலக செட்டும். ஒரு கதைக்குப் பத்து நாள் ஷூட்டிங். தூரமாகப் போக நேரமில்லை, அதனால் பக்கத்துத் தெரு, பக்கத்து கராஜ், பக்கத்து மதுக்கடை என்று மேற்கு லண்டனே தொடருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

தொடரை உருவாக்கிய இயான் கென்னடி மார்ட்டினுக்கு இந்த வேகம் பிடிக்கவில்லை. அவர் கேட்டது நிறையப் பேச்சும் ஸ்டுடியோவும், தயாரிப்பாளர் டெட் சைல்ட்ஸ் கேட்டது தெருவும் ஓட்டமும். கடைசியில் உருவாக்கியவரே வெளியேறினார். எனக்கு சைல்ட்ஸ் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. காரணம் அந்த லண்டன். கப்பல் வராமல் மூடிப்போன துறைமுகக் கிடங்குகள், இடித்துப் போட்ட வரிசை வீடுகள், தகரத் தடுப்புக்குப் பின்னால் சேறும் செங்கல்லும். ரீகனின் செம்பு நிற ஃபோர்டு கான்சல் ஜிடி அந்தச் சேற்றுக்குள் பாய்ந்து நிற்கும்போது தண்ணீர் கேமரா வரைக்கும் தெறிக்கிறது. கொள்ளைக்காரர்கள் ஓட்டுவது பெரும்பாலும் பழைய ஜாகுவார், அது கடைசியில் நொறுங்கும். செட் போட்டு இதைக் கொண்டுவர முடியாது. எண்பதுகளில் அந்தத் துறைமுகப் பகுதியே அடையாளம் தெரியாமல் மாறிப்போனது.

சண்டைக்காட்சிகளையும் பாருங்கள். யாருக்கும் அழகாக அடிக்கத் தெரியாது. சட்டையைப் பிடித்து இழுப்பார்கள், கார் பானட்டில் விழுவார்கள், மூச்சு வாங்கும். சின்ன வயதில் காலில் பட்ட காயத்தால் ஜான் தாவுக்கு நடையில் ஒரு சின்ன நொண்டல் உண்டு, ஓடும்போது அது இன்னும் தெரியும். அந்த ஓட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விட்டுக்கொடுக்காத ஓட்டம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டாம் தொடரில் 'ஹிட் அண்ட் ரன்'. கார்ட்டரின் மனைவி ஆலிசனைக் கார் ஏற்றிக் கொன்றுவிடுகிறார்கள். பார்த்து முடித்துவிட்டு உடனே அடுத்ததைப் போட முடியவில்லை.

ஆலிசனுக்கு ரீகனைக் கண்டாலே ஆகாது. தன் புருஷனின் சாயங்காலங்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தின்றுகொண்டிருக்கும் ஆள் ரீகன் என்பது அவள் கோபம், அது நியாயமான கோபமும்கூட. அவள் செத்த பிறகு அந்த இரண்டு ஆண்களுக்கும் நடுவில் சொல்லாமல் கிடக்கும் விஷயம் அதுதான். டென்னிஸ் வாட்டர்மனை வெறும் கூட்டாளி வேடக்காரராக நினைப்பவர்கள் இந்தக் கதையில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போலீஸ் தொடர்களில் மனைவி சாவது புதிதில்லை, ஹீரோவுக்குப் பழிவாங்க ஒரு சாக்கு வேண்டும் என்று கொல்வார்கள். இங்கே கார்ட்டர் அதற்கப்புறம் வரும் கதைகள் எல்லாவற்றிலும் மனைவி இல்லாத ஆளாகவே திரிகிறார். ராத்திரி வீட்டுக்குப் போக அவசரமில்லை, இன்னொரு ரவுண்டு குடிக்கலாம். ரீகன் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறார். கார்ட்டர் மெல்ல மெல்ல இன்னொரு ரீகனாகிக்கொண்டிருப்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தத் தொடர் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான்: இந்த வேலை அதைச் செய்பவனை என்ன செய்கிறது என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

பிப்ரவரி 8, சனி

இன்று கதை எதுவும் பார்க்கவில்லை. நிஜப் பறக்கும் படையைப் பற்றி வாசித்தேன்.

இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் நிஜத்தில் அந்தப் படையின் மானம் போனது. அதன் தலைவராக இருந்த கமாண்டர் கென்னத் ட்ரூரி, லண்டனின் சோஹோ பகுதியில் ஆபாசப் புத்தக வியாபாரம் செய்த ஜேம்ஸ் ஹம்ஃப்ரிஸோடு சைப்ரஸுக்கு உல்லாசப் பயணம் போனது 1972-இல் பத்திரிகையில் அம்பலமானது. 1977-இல் லஞ்ச வழக்கில் ட்ரூரிக்கு எட்டு வருடச் சிறைத் தண்டனை. கமிஷனராக வந்த ராபர்ட் மார்க் டிபார்ட்மென்டைக் கழுவ ஆரம்பித்திருந்தார், நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் வேலையை விட்டுப் போனார்கள்.

அதே சமயம் பிபிசியில் 'டிக்சன் ஆஃப் டாக் கிரீன்' 1976 வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 1955-இல் ஆரம்பித்தது, நல்லவரான வயதான கான்ஸ்டபிள், நேயர்களுக்கு வணக்கம் சொல்லி ஆரம்பிப்பார். ஒரே நாடு, ஒரே காலம், இரண்டு போலீஸ். ரீகன் லஞ்சம் வாங்காதவர், ஆனால் சந்தேகப்படும் ஆளை மிரட்டுவார், வாரன்ட் இல்லாமல் கதவை உடைப்பார், உளவு சொல்பவனைக் கழுத்தைப் பிடித்து உலுக்குவார். விசாரணை எப்படி நடக்க வேண்டும், பிடித்தவரை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று கறாராக வரையறுத்த சட்டம் 1984-இல்தான் வந்தது. ரீகன் அதற்கு முந்தைய ஆள். அவரை நேசித்துக்கொண்டே, அவர் மாதிரி ஒருவர் என் கதவைத் தட்டக் கூடாது என்றும் நினைக்கிறேன். இரண்டுமே உண்மை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நான்காவது தொடர் கொஞ்சம் தொய்வுதான், சொல்லாமல் இருக்க முடியாது. மார்க்கம் அண்ட் வைஸ் நகைச்சுவை ஜோடி அவர்களாகவே வரும் 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' எனக்கு ஒட்டவே இல்லை.

ஆனால் கடைசிக் கதை 'ஜாக் ஆர் நேவ்'. லஞ்சம் வாங்கினார் என்று ரீகனையே பிடித்து லாக்கப்பில் போடுகிறார்கள். பெல்ட்டும் டையும் இல்லாத கைதிகளை எத்தனையோ தடவை அந்தக் கதவுக்குப் பின்னால் தள்ளியவர், இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கிறார். குற்றமற்றவர் என்று தெரிந்ததும் மேலதிகாரிகள் ஒன்றுமே நடக்காதது போல் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். ரீகன் தன் வாழ்க்கையின் நல்ல வருடங்களை இந்த வேலைக்குக் கொடுத்ததையும், வாங்கிய பாராட்டுகளையும் எண்ணிச் சொல்லிவிட்டு, மாட்டேன் என்று போய்விடுகிறார்.

ட்ரூரி ஜெயிலுக்குப் போய் ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரத்தில் இதை ஒளிபரப்பினார்கள். ஊரே பறக்கும் படையைச் சந்தேகத்தோடு பார்த்த சமயத்தில், ஹீரோவை இன்னொரு பெரிய கொள்ளையைப் பிடிக்க வைத்து கைதட்டலோடு முடித்திருக்கலாம். செய்யவில்லை. அந்தத் துணிச்சலுக்காக நான்காவது தொடரின் மற்ற குறைகளை எல்லாம் மன்னிக்கிறேன்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: 'ரீகன்' படம், பிறகு முதல் இரண்டு தொடர்கள் வரிசையாக, மூன்றில் கிடைத்ததைப் பாருங்கள், 'ஜாக் ஆர் நேவ்' மட்டும் கண்டிப்பாகக் கடைசியில். 2012-இல் ரே வின்ஸ்டன் நடித்து வந்த சினிமாவை விட்டுவிடலாம்.