வெரிஃபை பாஸ் ஆகிவிட்டது என்று நம்பி உட்காராதீர்கள்

எல்எல்விஎம் என்ற ஓப்பன் சோர்ஸ் கம்பைலர் அடித்தளத்தை எடுத்து, கோடை வேகமாக்க அதை மாற்றியமைக்கும் ஆப்டிமைசேஷன் பாஸ்கள் சிலவற்றைச் சொந்தமாகச் சேர்த்து எங்கள் டீமில் ஒரு கம்பைலர் வைத்திருக்கிறோம். அதைப் பயன்படுத்தும் இன்னொரு டீமிலிருந்து ஒரு புகார் வந்தது. லூப்பின் நான்காவது சுற்றில் நிறுத்தி இண்டெக்ஸைப் பார்த்தால் 3 வர வேண்டும், டிபக்கரோ 12 என்கிறது. புரோகிராமின் விடையில் தப்பே இல்லை. "ஆப்டிமைஸ்டு அவுட்" (மதிப்பு கிடைக்கவில்லை) என்று காட்டியிருந்தால் -ஓ2-வில், அதாவது ஆப்டிமைசேஷன் போட்டு கம்பைல் செய்யும்போது, இதெல்லாம் சகஜம் என்று பதில் போட்டு முடித்திருப்போம், ஆனால் அந்த 12-ஐ நம்பி ஒரு மனிதர் இல்லாத பக்கைத் தேடி நாள்கணக்கில் அலைந்திருக்கிறார்.

எந்த வேரியபிள் எங்கே இருக்கிறது என்று டிபக்கருக்காக கம்பைலர் எழுதிவைக்கும் தகவலின் வடிவம்தான் டுவார்ஃப். சரி, வழக்கம்போல அதைப் படிக்கும் கருவியான எல்எல்விஎம்-டுவார்ஃப்டம்பை வெரிஃபை ஆப்ஷனோடு ஓட்டினால் "நோ எரர்ஸ்". ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆப்ஷனிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேரியபிள்களுக்கு லொகேஷன் தாராளமாக இருக்கிறது. அடுத்து எல்எல்விஎம்-இன் டிபக்கிஃபை சோதனை: ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கும் பொய்யாக ஒரு லைன் நம்பரும் வேரியபிளும் ஒட்டிவைத்து, பாஸ் ஓடிய பிறகு எது காணாமல் போனது என்று பார்க்கும். அதிலும் எங்கள் பாஸ் தேறிவிட்டது. எங்கள் கேஸில் எதுவும் தொலையவில்லையே, தப்பான மதிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டல்லவா இருந்தது! இந்த மூன்றும் பத்திரத்தில் முத்திரை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற ரகம், நிலம் அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று எதுவும் போய்ப் பார்ப்பதில்லை.

போய்ப் பார்க்க, டிபக் தகவலின் தரத்தைச் சோதிக்கும் டெக்ஸ்டர் என்ற கருவி வேண்டும். எல்எல்விஎம் மூலத்திலேயே கிராஸ்-புராஜெக்ட்-டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கிறது. "இந்த வரியில் இண்டெக்ஸ் 0, 1, 2, 3 என்று வர வேண்டும்" என்று டெஸ்ட்டிலேயே கமென்ட்டாக எழுதிவிட்டால், நிஜ டிபக்கரை ஸ்டெப் ஸ்டெப்பாக ஓட்டி 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு மார்க் போடும். எழுதுவது சுலபம், ஓட்டுவதில்தான் உயிர் போனது. பொது டெஸ்ட் மெஷினில் இருந்த எல்எல்டிபி (எல்எல்விஎம்-இன் டிபக்கர்) பைதான் இல்லாமல் பில்ட் செய்தது, நான் ஓட்டிய டெக்ஸ்டரோ பைதான் வழியாகத்தான் அதோடு பேசியது. மெஷினைப் பார்த்துக்கொள்பவரிடம் டிக்கெட் போட்டேன். "பிரின்ட் போட்டுப் பார்த்தால் ஆகாதா?" என்று கேட்டுவிட்டு மூடிவிட்டார். மறுபடி திறந்தேன், விண்ணப்பப் படிவம் வேறு என்றார். கடைசியில் என் ஹோம் டைரக்டரியிலேயே எல்எல்டிபியை பில்ட் செய்துகொண்டேன். உங்கள் மெஷினில் எதையும் தொடங்கும் முன் எல்எல்டிபிக்கு -பி (பெரிய எழுத்து) கொடுத்து, பைதான் பாதை ஒழுங்காக வருகிறதா பாருங்கள்.

ஓடியதும் குட்டு உடைந்தது. வந்த மதிப்புகள் 0, 4, 8, 12. எங்கள் பாஸ் இண்டெக்ஸுக்குப் பதிலாக நாலு நாலாக ஏறும் ஒரு கவுன்ட்டரை வைத்து, நிஜப் பயன்பாடுகளை எல்லாம் ஒழுங்காக மாற்றிவிட்டு, மிச்சத்தைத் துடைக்க பழைய மதிப்பின் மேல் "ரீப்ளேஸ் ஆல் யூசஸ் வித்"தைக் கூப்பிடுகிறது; ஒரு மதிப்பைச் சுட்டும் எல்லா இடங்களையும் இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் ஃபங்ஷன் அது. மிச்சம் இருந்தது, வேரியபிளின் மதிப்பு எது என்று டிபக்கருக்குச் சொல்லும் டிபக் பதிவுகள் மட்டும். அவையும் சத்தமில்லாமல் புதுக் கவுன்ட்டரைப் பின்தொடர்ந்து போய்விட்டன. மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் டிபக் எக்ஸ்பிரஷனில் 4-ஆல் வகுக்கும் டுவார்ஃப் ஆபரேஷனையும், கடைசியில் ஸ்டாக் வேல்யூவையும் (கணக்கிட்டு வந்ததே மதிப்பு, முகவரி அல்ல என்று சொல்வது) சேர்த்ததும் சரியாகிவிட்டது. இப்படித் திருப்பிக் கணக்குப் போட முடியாத இடங்களில், மதிப்பு செல்லாது என்று குறிக்கும் பாய்சனை டிபக் பதிவில் வைத்துவிடுங்கள். "ஆப்டிமைஸ்டு அவுட்" என்று வந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

டெஸ்ட் எழுதுபவர்களுக்கு: லூப்பின் எல்லையை மாறிலியாக வைத்தால் -ஓ2 மொத்த லூப்பையும் மடித்து விடையை மட்டும் வைத்துவிடும், நிறுத்திப் பார்க்க வரியே இருக்காது. எல்லையை கமாண்ட் லைனிலிருந்து வாங்குங்கள். அப்புறம், -ஓ2-வுக்கு முன் -ஓ0-வில் (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) ஓட்டி முழு மார்க் வருகிறதா பாருங்கள், வராவிட்டால் கோளாறு கமென்ட்டில் எழுதிய எதிர்பார்ப்பில்தான்.

ரிவ்யூவில் "வெரிஃபை ஏற்கெனவே பாஸ் ஆகிறதே, இந்த டெஸ்ட் எதற்கு?" என்று கேட்டார்கள். விளக்கம் எழுதவில்லை. திருத்தத்துக்கு முந்தைய பைனரியின் டெக்ஸ்டர் வெளியீட்டையும் "நோ எரர்ஸ்" வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினேன். அன்றைக்கே அப்ரூவ் ஆகிவிட்டது.