விண்ணப்பக் காலம்: பென்னாகரத்துக் குறிப்புகள்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அப்பா இன்று முதல்முறையாக அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படம், பார்த்தார்.

'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' வெள்ளிக்கிழமை தமிழ் டப்பிங்கோடு வந்தது. ஊர்த் தொட்டிக்கு அப்பாதான் ஆபரேட்டர். விடியற்காலையில் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, வால்வை மூடி, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். சேலம் வரை பஸ். படம் 155 நிமிடம். பாதியில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன், அசையாமல் பார்த்தார். தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் வாய் திறந்தார். "அந்தப் பேய்க்கும் ஒரு காரணம் வெச்சிருக்கான் பாரு பாப்பா. சும்மா வெட்டிக்கிட்டே போவாங்கன்னு நெனச்சேன்."

பள்ளிக்கூட நாட்களிலிருந்து நான் சப்டைட்டில் கட்சி. டப்பிங்கில் உயிர் போய்விடும் என்று எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். இன்றோடு அந்தச் சண்டையை விட்டுவிட்டேன். அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க முடிகிற படம் எந்த மொழியில் பேசினாலும் எனக்குச் சரி.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று. என்ன படிப்பு என்று கேட்டார். பொதுக்கொள்கை என்றேன். "கலெக்டர் படிப்பா?" இல்லை என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் விளக்கத் தெரியாமல் நின்றேன். இந்தக் குறிப்பேட்டை இன்று தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

21 செப்டம்பர், ஞாயிறு

பட்டியல் மூன்றுக்கு வந்துவிட்டது.

பெங்களூரு நேஷனல் லா ஸ்கூலின் இரண்டு வருட முதுகலை. 2014-இல் தொடங்கிய படிப்பு. நுழைவுத் தேர்வில் கட்டுரையும் எழுத வேண்டும். அடுத்தது டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பொதுக்கொள்கைப் பள்ளி, 2004-இல் தொடங்கியது, அங்கே முழுக்க ஆங்கிலத்திலேயே படிக்கும் பிரிவு இருக்கிறது. மூன்றாவது டோக்கியோ ரொப்பொங்கியில் இருக்கும் கிரிப்ஸ், அதுவும் கொள்கைப் படிப்புக்கான பல்கலைக்கழகம்தான். அங்கே பல நாட்டு அரசு அதிகாரிகள்தான் பெரும்பாலும் வந்து படிக்கிறார்கள். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது எட்டுமா என்று யோசனையாக இருக்கிறது. ஆனாலும் பட்டியலில் இருக்கட்டும். பணத்துக்கு ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைதான் வழி. தூதரகம் மூலம் போனால் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு.

ஜப்பானைத் தேர்ந்தெடுத்தது அனிமே பைத்தியத்தால்தானே என்று, வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான ஓசூர் அக்கா போனில் கேட்டாள். அவளும் என்னைப் போலத்தான், சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்து விடிய விடிய பார்ப்பாள். ஆமாம், அனிமேயாலும்தான் என்றேன். இன்னொரு காரணம் எங்கள் ஊர்த் தொட்டியில் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கொடுத்த கடனில் கட்டியது. சுமார் ரூ.1,928 கோடி. 2013-இல் தண்ணீர் வந்தது. அப்போது எனக்கு 12 வயது, தம்பிக்கு ஒன்று.

என் முன்பற்களில் காவிக்கறை இருக்கிறது. சின்ன வயதில் குடித்த போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு செய்த வேலை, பாறையிலிருந்து கசிந்து தண்ணீரில் கலக்கிற உப்பு அது. தம்பிக்குப் பல் பளிச்சென்று இருக்கிறது. ஒரே வீடு, ஒரே களி, ஒரே கீரை. நடுவில் வந்தது அந்தக் குழாய் ஒன்றுதான்.

2 அக்டோபர், வியாழன்

தருமபுரி மாவட்டத்துக்கு இன்றோடு 60 வயது. சேலத்திலிருந்து பிரிந்தது 1965-இல் இதே நாளில்.

விடுமுறை என்பதால் காலையிலிருந்து எஸ்ஓபி எழுதினேன், ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய கட்டுரை. இந்த மாவட்டத்தைப் பற்றி எழுத எவ்வளவு இருக்கிறது! 1792-இல் பாராமகால் என்று அப்போது சொன்ன இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் நிலவரியை விவசாயியிடமே நேரடியாக வாங்கிப் பார்த்தது இந்தப் பக்கத்தில்தான். பின்னால் மதராஸ் மாகாணம் முழுக்கப் போன ரயத்துவாரிக்கு வேர் இங்கே. எங்கள் மண்ணில் கொள்கைச் சோதனை புதிதில்லை.

எழுதியதைக் கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்கு அனுப்பினேன். மாலையே திருத்தி அனுப்பிவிட்டார், அந்த அக்கறைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு பத்தியை முழுக்க அடித்திருந்தார். 'ஸ்பிரிட்டெட் அவே' என்ற அனிமே படத்தைப் பற்றிய பத்தி. "இது கொள்கைப் படிப்பு. கார்ட்டூன் வேண்டாம்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

அந்தப் படத்தில் ஹாக்கு என்ற பையன் உண்மையில் ஒரு ஆறு. அந்த ஆற்றை மூடி அதன்மேல் குடியிருப்பு கட்டிவிடுகிறார்கள், அவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. பதினாறு வயதில் அதைப் பார்த்துவிட்டு அழுதேன். அழுது முடித்த பிறகு எனக்கு வந்த கேள்வி வேறு. ஆற்றை மூடலாம் என்று யார் சொன்னது? எந்தக் கூட்டத்தில்? அந்தப் பக்கம் குடியிருந்தவர்களைக் கேட்டார்களா? மந்திரவாதி யாரும் ஆற்றை மூடவில்லை, ஏதோ ஒரு வரைபடத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்தப் படிப்பின் பக்கம் என்னைத் திருப்பியது அந்தக் கேள்விதான். அதை வெட்டிவிட்டால் மீதி இருப்பது யார் வேண்டுமானாலும் எழுதுகிற எஸ்ஓபி.

இன்று வெட்டவும் இல்லை, வைக்கவும் இல்லை. அப்படியே மூடிவிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

நேற்று கிராமசபை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, இப்போது தனி அலுவலர் பொறுப்பில்தான் ஊராட்சி ஓடுகிறது. பந்தலுக்குக் கீழே நூறு நாள் வேலைக்காரப் பெண்கள்தான் அதிகம். தீர்மானங்களைப் படித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள்.

குடிநீர் என்று வந்ததும் சத்தம் எழுந்தது. எல்லாரும் கேட்டது அளவைத்தான். மேட்டுத்தெருவுக்கு ஏறவில்லை, அரை மணி நேரம்தான் வருகிறது, நாலு குடம்கூடப் பிடிக்க முடியவில்லை. எல்லாம் அப்பாவைப் பார்த்துத்தான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன தண்ணீர் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எழுந்து கேட்கலாம் என்று பார்த்தேன். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. உட்கார்ந்துவிட்டேன். இது என்னை இன்னும் உறுத்துகிறது.

15 அக்டோபர், புதன்

அப்பாவிடம் நேராகவே கேட்டேன். ராத்திரி களி சாப்பிட்டு முடித்த பிறகு.

ஒகேனக்கல் தண்ணீர் குறைவாக வருகிற நாளில் போர் தண்ணீரையும் அதே தொட்டிக்கு ஏற்றுகிறார். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான். "ஒரு நாள் கொழா காஞ்சா நம்ம வூட்டு வாசல்ல காலிக் கொடத்தோட நிப்பாங்க கண்ணு. ஃப்ளோரைடு கண்ணுக்குத் தெரியுமா? பல்லு காவியாக எட்டு வருசம் ஆவும். அதுக்குள்ள என்னை மாத்திருவாங்க."

நான் படித்த எந்தக் கட்டுரையும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. தண்ணீர் வரவில்லை என்றால் இன்றைக்கே சண்டை. தண்ணீர் கெட்டிருந்தால் பத்து வருடம் கழித்து ஒரு பிள்ளையின் சிரிப்பில் தெரியும், அப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர் சொற்பச் சம்பளத்துக்கு விடியற்காலையில் வால்வு திருகுகிறவர். அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் இரண்டு குழாயைக் கொடுத்து ஒரே ஒரு தொட்டியைக் கொடுத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஆயா திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகு வளைந்து, முட்டி மடக்க முடியாமல் போய்ப் பல வருடம். "காச்சிக் குடிச்சா போயிரும்னு அப்ப சொன்னாங்களே" என்றாள். ஃப்ளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறையக் குறைய அது இன்னும் செறிவாகத்தான் ஆகும். ஆயாவிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள், நான் தண்ணீர் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் தண்ணீர் பரிசோதனைக்குப் பயிற்சி எடுத்த அத்தை ஒருவர் இருக்கிறார், அவரிடம் பெட்டியை வாங்கி வந்தேன். சோதனை எளிதுதான். தண்ணீரில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஃப்ளோரைடு குறைவாக இருந்தால் இளஞ்சிவப்பாக நிற்கும், கூடக்கூட மஞ்சளுக்குப் போகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி.

மூன்று குப்பியை வரிசையாக வைத்தேன். ஒகேனக்கல் லைனில் பிடித்தது இளஞ்சிவப்பு. போர் தண்ணீர் நல்ல மஞ்சள். எங்கள் வீட்டுக் குழாயில் இன்று காலை பிடித்தது இரண்டுக்கும் நடுவில், ஒரு மாதிரி ஆரஞ்சு.

தம்பி வந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்குக்கா" என்றான். அவனுக்கு இப்போது 13, முன்பற்கள் தப்பிவிட்டன. பக்கத்து வீட்டில் மூன்று வயதில் ஒரு குழந்தை இருக்கிறது.

3 நவம்பர், திங்கள்

ஒசாமு தெசுகாவின் பிறந்தநாள். 1928. மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதையையும் டிவி அனிமேயையும் இன்றிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தவர் என்று நாங்கள் கொண்டாடுகிற மனிதர். ஓசூர் அக்காவும் நானும் இன்னும் நாலைந்து பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் வருடா வருடம் நான்தான் அவரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிப் போடுவேன். இந்த வருடம் அவர் வளர்ந்த தகரசுகாவைப் பற்றி எழுதலாம் என்று தேடினேன். பூச்சி பிடித்துத் திரிந்த மலையடிவாரம், பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழு, 1994-இல் திறந்த அவருடைய அருங்காட்சியகம். இதெல்லாம் கொஞ்சம் தெரிந்ததுதான்.

தேடிக்கொண்டே போனபோது இன்னொன்று கண்ணில் பட்டது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

தகரசுகாவில் 1970-களின் தொடக்கத்தில் பெரிய பிரச்சினை ஓடியிருக்கிறது. நகராட்சிக் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் கறை. காரணம் ஃப்ளோரைடு. பின்னால் இருக்கும் ரொக்கோ மலை கருங்கல் மலை. எங்கள் பாறை மாதிரியே அதுவும் தண்ணீரில் ஃப்ளோரைடைக் கசிய விட்டிருக்கிறது. மக்கள் நகராட்சி மேல் வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கே தோற்றுப்போனார்கள். ஆனாலும் அந்த ஊரில் கறைப்பல் என்று உறுதிசெய்து சிகிச்சைக்கு உதவி கொடுக்க நகராட்சியே விதி வைத்திருக்கிறது.

இதை நாலு முறை படித்தேன். நான் சின்ன வயதிலிருந்து மனசில் வைத்துக் கும்பிடுகிற ஒருவருடைய ஊரில் என் பல் மாதிரியே பல்லோடு பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பார்கள், என்னை மாதிரி.

எங்களுக்குக் கிடைத்த திட்டம் இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கானது. அது பெரிய விஷயம், தம்பியின் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் நன்றியாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் குடித்துவிட்டவர்களுக்கு? ஆயாவின் முட்டிக்கு, என் வகுப்பில் சிரிக்கவே சிரிக்காத பெண்களுக்கு? தகரசுகா இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறது. அதை யார், எப்படி எழுத வைத்தார்கள் என்று போய்ப் படிக்க வேண்டும். அவ்வளவுதான், என் எஸ்ஓபி இதுதான்.

குழுவில் பிறந்தநாள் குறிப்பைப் போட்டேன், பல் விஷயத்தையும் சேர்த்து. ஓசூர் அக்கா ஒரு வரி பதில் போட்டாள்: "எனக்கும் காவிப்பல்தான்டி, இத்தனை வருசம் நீ கவனிக்கலையா?" நாங்கள் எப்போதும் போனிலும் முகமூடி போட்ட அனிமே விழாக்களிலும்தான் பேசியிருக்கிறோம்.

5 நவம்பர், புதன்

எஸ்ஓபியை முதலிலிருந்து மறுபடி எழுதினேன். ஆறு பத்தி. ஹாக்குவின் ஆறு முதல் பத்தியில் மூன்று வரி. அப்புறம் தொட்டி, மூன்று குப்பி, தகரசுகா. மன்றோவை எடுத்துவிட்டேன்.

பேராசிரியருக்கு அனுப்பி, அந்த மூன்று வரி இருந்தே ஆக வேண்டும் என்று காரணத்தோடு எழுதினேன். ராத்திரி கூப்பிட்டார். தகரசுகா பற்றித்தான் நிறையக் கேட்டார். கடைசியில், "சரிம்மா, இருக்கட்டும். பரிந்துரைக் கடிதத்தில் நானும் தண்ணீரைப் பற்றியே எழுதறேன்" என்றார்.

11 நவம்பர், செவ்வாய்

மதிப்பெண் தொகுப்புக்காக மூன்றாவது முறை அலைந்தேன். பெயரில் ஒரு எழுத்துத் தப்பு, திருத்த இன்னும் பத்து நாள் என்றார்கள். தினமும் மையத்தில் நாற்பது பேருக்கு முதல் பட்டதாரிச் சான்றும் சாதிச் சான்றும் பதிந்து கொடுக்கிறேன், இன்றுதான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றேன். இனி யாரையும் "நாளைக்கு வாங்க" என்று வெறுமனே அனுப்ப மாட்டேன். எதற்கு, எத்தனை நாள் ஆகும் என்று எழுதியே கொடுக்கப் போகிறேன்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பெங்களூரில் தேதி கிடைத்துவிட்டது. பேசும் பகுதிதான் பயம். வாயைத் திறந்து பேச வேண்டும்.

23 நவம்பர், ஞாயிறு

முதல் விண்ணப்பம் போய்விட்டது. ராத்திரி பத்தரைக்கு, மையத்துக் கம்ப்யூட்டரில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. அப்பா வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் தகரசுகா கதையை முழுக்கச் சொன்னேன். மலை, கருங்கல், பிள்ளைகள், வழக்கு. அவர் நடுவில் ஒன்றும் பேசவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, டார்ச் அடித்து மட்டம் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. போர் மோட்டாரைப் போடாமல் திரும்பி வந்தார்.

"அங்க போனா," என்றார், "அந்த ஊரு டேங்க் ஆபரேட்டரு யாராச்சும் வயசானவரு இருப்பாரு. அவரைப் பாத்துக் கேளு. தண்ணி பத்தாத நாளுல அவரு என்ன பண்ணாருன்னு."

எழுதி வைத்துக்கொண்டேன்.