ராயக்கோட்டை மொச்சையில் ஓர் இத்தாலிய சூப்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ராயக்கோட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு மொச்சை உரிப்பார்கள். கொட்டையை ஊறப்போட்டு ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலெடுத்தால் பிதுக்கம்பருப்பு. அதில் குழம்பு வைத்துக் களிக்குத் தொட்டுக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டில் அதே மொச்சை இப்போது மினஸ்ட்ரோனே என்ற இத்தாலியக் காய்கறி சூப்புக்கும் போகிறது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்த மாதத்தில் விளைவதை வைத்தே இதைச் செய்ய முடியும், இறக்குமதி டப்பாக்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

இத்தாலியில் மினஸ்ட்ரோனேவுக்கு ஒரே செய்முறை கிடையாது. மிலான் பக்கம் அரிசி போடுவார்கள். ஜெனோவாவில் கடைசியாகத் துளசி இனத்து இலையை அரைத்த பெஸ்டோ கலப்பார்கள். தோட்டத்தில் அன்றைக்கு இருக்கும் காய், கூடவே ஏதாவது ஒரு பயறு, அவ்வளவுதான் கணக்கு. தக்காளியும் ராஜ்மா வகைப் பயறும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் அங்கே போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்பு அவர்கள் சாப்பிட்ட பயறுகளில் ஒன்று நம் தட்டைப்பயறு இனம். அதனால் மொச்சையோ தட்டைப்பயறோ போட்டால் அது 'அசல்' இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இந்தச் சூப்பை நான் ஸ்லோ குக்கரில் செய்கிறேன்; குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரச் சட்டி அது. என் நாத்தனார் கொடுத்தது. பெங்களூரில் வீடு மாற்றும்போது, "அண்ணி, உங்களுக்குத்தான் இது உதவும்" என்று காரில் கொண்டுவந்து இறக்கினாள். சரியாகத்தான் சொன்னாள். நான் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவேன். வீட்டுக்காரருக்குத் தக்காளி மண்டியில் வேலை. லோடு ஏறி முடிய எத்தனை மணி ஆகும் என்று அவருக்கே தெரியாது. ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுகிற வீட்டில், யார் எப்போது வந்தாலும் சூடாக ஒரு கிண்ணம் கிடைப்பது பெரிய விஷயம்.

இந்தச் சட்டி பிறந்ததே பயறு வேகவைக்கத்தான். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். லிதுவேனியாவில் அவருடைய பாட்டி, யூதர்களின் ஓய்வுநாளுக்காகப் பயறும் கறியும் போட்ட சட்டியை ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க வைத்துவிடுவாராம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1971இல்தான் அது கிராக்பாட் என்ற பெயரில் வீடுகளுக்குள் பரவியது. எங்கள் அத்தைக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. "கும்மட்டி அடுப்புல பால் காயற மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பயறு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காய்ந்த ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. நாலைந்து கொட்டை சரியாக வேகாமல் உள்ளே போனாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில் கொட்டை மெத்தென்று ஆகிவிடும், ஆனால் நச்சு அப்படியே இருக்கலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் சட்டியில் சேர்க்க வேண்டும். பிரஷர் குக்கரில் வேகவைத்துவிட்டால் கவலையே இல்லை. காய்ந்த மொச்சைக்கும் நான் இதையேதான் செய்கிறேன். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டு என்று நம் பாட்டிமார்கள் சொன்னது சும்மா இல்லை.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதில் பருப்பு லேசில் வேகாது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பயற்றில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். அதனால் சமையலுக்கு ஒகேனக்கல் தண்ணீரைத்தான் பிடித்து வைக்கிறேன். தக்காளியின் புளிப்பும் இதே வேலையைச் செய்யும். எனவே பயறு முக்கால்வாசி வெந்த பிறகுதான் தக்காளி உள்ளே போக வேண்டும். ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்புப் போட்டால் தோல் சீக்கிரம் இளகும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் ஊறவைக்கும்போது நடப்பது நேர்மாறாக.

சட்டி மூன்றரை லிட்டர். ரெண்டு கப் பிதுக்கம்பருப்பை முதல் நாள் ராத்திரியே எடுத்து வைத்துவிடுவேன். பச்சை மொச்சை என்பதால் பத்து நிமிடக் கொதியிலேயே முக்கால் வேக்காடு வந்துவிடும். காலையில் இரும்பு வாணலியில் ரெண்டு வெங்காயம், ரெண்டு கேரட், ஒரு கைப்பிடி செலரித் தண்டு, மூன்றையும் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்க வேண்டும். செலரி ஓசூரில் பெரிய கடைகளில் சில நாள் கிடைக்கும். கிடைக்காத நாளில் கொத்தமல்லித் தண்டு போடுகிறேன், ரெண்டும் ஒரே குடும்பத்துச் செடிதான். இந்த வதக்கலை அவசரப்படுத்தாதீர்கள். தீயைக் குறைத்து கால் மணி நேரம். வெங்காயம் கண்ணாடி போலாகி, ஓரம் லேசாகப் பொன்னிறம் தட்டி, கேரட்டின் நிறம் எண்ணெயில் இறங்கி, வாணலி ஓரத்தில் செம்மஞ்சள் கோடு தெரியும். அப்போது ஒரு இனிப்பு வாசம் எழும். சூப்பின் மொத்த ருசியும் அங்கேதான் பிறக்கிறது. ஸ்லோ குக்கரால் எதையும் வறுக்க முடியாது, அதனால் இதை அடுப்பில்தான் செய்தாக வேண்டும். அஞ்சு பல் பூண்டு கடைசியில்.

உருளைக்கிழங்கை அடியிலும் ஓரத்திலும் அடுக்குங்கள், சூடு அங்கிருந்துதான் வருகிறது. மேலே பீன்ஸ், கால்வாசி முட்டைக்கோஸ், மொச்சை, வதக்கியது, ஆறு தக்காளி. வீட்டுக்காரர் கொண்டுவருவது வண்டி ஏற முடியாத அளவுக்குப் பழுத்த பழம். தூரத்துச் சந்தைக்குப் போகிற பழத்தைச் செங்காயாகவே பறித்துவிடுவார்கள், தோலும் தடிப்பு. இந்த மாதிரிக் கனிந்த பழம் ஊர்க்காரர்களுக்குத்தான் வாய்க்கும். விலை விழுந்த காலத்தில் பழத்தை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற விவசாயிகளை இந்தப் பக்கம் பார்த்தவர்களுக்கு, ஒரு தக்காளியைக்கூட வீணாக்க மனசு வராது.

ஒரு லிட்டர் தண்ணீர் போதும். மூடி போட்டே இருப்பதால் ஆவி திரும்ப உள்ளேயே விழும், வற்றாது. குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம், அவசரமென்றால் கூடுதல் சூட்டில் நாலு மணி நேரம். நடுவில் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் ஏறிய சூடெல்லாம் இறங்கிவிடும், திரும்ப ஏற நேரமாகும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் நான் சட்டியை எடுப்பதே இல்லை. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கிற பண்டத்தில் கிருமி பெருகும்.

பர்மேசான் சீஸின் காய்ந்த ஓரத்தைச் சூப்பில் போட்டுக் கொதிக்கவிடுவது இத்தாலியர்களின் பழக்கம், சாறு கெட்டியாகி ருசி கூடும். ஆனால் அசல் பர்மேசான் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியில் உறைவது. அத்தை மார்கழி முழுக்கச் சைவம். அதனால் பச்சைப் புள்ளி போட்ட இந்திய சீஸ்தான் வாங்குகிறேன். அதைப் பரிமாறும்போது துருவிப் போட்டால் போதும்.

பெஸ்டோவுக்குக் கொல்லையில் இருக்கும் திருநீற்றுப்பச்சிலை. இத்தாலியர்கள் போடுவதும் அதே இனத்துச் செடிதான். நம் செடியில் காரம் தூக்கல், அதனால் ஒரு சின்னக் கைப்பிடி போதும். வறுத்த வேர்க்கடலை, ரெண்டு பல் பூண்டு, உப்பு சேர்த்து உரலில் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைத்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் அரை ஸ்பூன். சூடான சூப்பில் அது விழுந்ததும் எழும் மணத்துக்கு, வீட்டில் எந்த மூலையில் இருப்பவரும் எழுந்து வந்துவிடுவார்கள்.

பாஸ்தாவைத் தனியாக வேகவைத்துச் சாப்பிடும்போதுதான் சேர்க்கிறேன். சட்டியிலேயே கிடந்தால் சாற்றையெல்லாம் குடித்துவிட்டுக் கூழாகிவிடும்.

அத்தை முதல் வாய் குடித்துவிட்டு, "இதுல புளி வுடலியா? மிளகாய் எங்கம்மா?" என்று கேட்டார். அவருடைய கிண்ணத்துக்கு மட்டும் மிளகு தட்டிப் போட்டேன். சாம்பார் பொடியும் கரம் மசாலாவும் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காயின் ருசி தனியாக நாக்குக்குத் தெரிய வேண்டும். மொச்சையின் மாவுத்தன்மை, கோஸின் இனிப்பு, தக்காளியின் புளிப்பு, மூன்றையும் பிரித்துச் சொல்ல முடிகிறது என்று அடுத்த கிண்ணத்தில் அவரே ஒத்துக்கொண்டார்.

மறுநாள் இது இன்னும் கெட்டி. இத்தாலியில் டஸ்கனி பக்கம் மிச்சச் சூப்பில் பழைய ரொட்டியைப் போட்டு மறுபடி காய்ச்சிச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களி. அத்தையும் வீட்டுக்காரரும் உருண்டையைக் கிள்ளி இந்தச் சூப்பில் தோய்த்து விழுங்குகிறார்கள். பையனுக்குக் களி இறங்காது. அவனுக்கு ரொட்டியை தோசைக்கல்லில் முறுகலாக வாட்டி, சூட்டோடு பச்சைப் பூண்டைத் தேய்த்துக் கொடுத்துவிடுகிறேன்.